தலையில அடிபட்டவங்க கூடுற குழுவுக்குப் போனவங்க இருக்கீங்களா?

திருச்சிக்காரி:
வீட்டுக்காரருக்கு பைக் விபத்து. ஹெல்மெட் வீட்லதான் இருந்துச்சு, அதை விடுங்க. மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டுத் துண்டை எடுத்து, பின்னாடி திரும்பப் பொருத்துறதுக்காக வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சு அனுப்பினாங்க. வந்ததுல இருந்து தொப்பியைக் கழட்ட மாட்டார், யார்கிட்டயும் பேச மாட்டார். பிசியோ சொன்னாங்கன்னு குழுவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு காலேஜ் பையன், வணக்கம்கூடச் சொல்லல, "அண்ணே, உங்களுக்கு வயித்துல வலப்பக்கமா இடப்பக்கமா?"ன்னான். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டுறார்! அவனும் தூக்குறான். தையலைத் தொட்டுப் பார்த்து ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. எனக்கு ஏனோ கோபம்தான் வந்துச்சு.

மறதி மன்னன்:
நான் அடிபட்ட ஆள். சகோதரி, நீங்க உள்ள உட்கார்ந்திருந்ததே தப்பு. எங்க குழுவுல கூட வந்தவங்க வெளிய இருக்கணும். முதல் நாள் ஒருத்தர் "அது... அது..."ன்னு ஒரு வார்த்தையைத் தேடுறார். அவர் மனைவி கதவுக்கு வெளிய இருந்தே "சாவி!"ன்னு கத்துறாங்க. அவர் தேடினது சாவியே இல்ல, சம்பளம். நாங்க காத்திருந்தோம், வந்துருச்சு. எனக்கு வாசனை போனதும் அங்கதான் பிடிபட்டது. பால் தீஞ்சது தெரியலன்னு ஒருத்தர் சொன்னதும் பாதிப் பேர் கை தூக்கினாங்க. மூக்குக்கு மேல இருக்கிற சல்லடை எலும்புகிட்ட நரம்பு இழை அறுந்துடுமாம்.

ராணி அம்மா:
வெளிய உட்காரணுமா? என் மகனுக்கு ஃபிட்ஸ் வரும், மாத்திரை யார் தர்றது? அதட்டிக்கூடப் பேசாத பிள்ளை, இப்ப சொந்தக்காரங்க முன்னாடி கெட்ட வார்த்தை பேசுறான். நான் வளர்த்த லட்சணம்னு பேசுறாங்க. குழுவுல இன்னொரு அம்மா மெதுவா, "உங்க வீட்லயும் நெத்திப் பக்கமா அடி?"ன்னாங்க. வேற எதுவும் கேக்கல. நெத்திப் பக்கம் அடிபட்டா இப்படி ஆகுமாம். நாங்களும் உள்ளதான் இருப்போம்.

உதவும் கரம்:
என் அத்தானுக்கும் இதேதான். குழுவுக்கு ஒருதரம் போனோம், டீ குடிச்சிட்டு வந்தோம். அதைவிட முக்கியம் பேப்பர். சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை தமிழ்நாடு அரசுத் திட்டம் ஒரு வரம்பு வரைக்கும் பார்த்துக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், அட்மிஷன் அன்னிக்கு எவ்வளவு நினைவோட இருந்தார்னு போட்ட கோமா ஸ்கோர், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, தலைக்காயம்னு தனியா கிடையாது. கை கால் முடக்கமா, பேச்சுக் குறைபாடா, மனநலமா, எது மிச்சம் நிக்குதோ அதுல மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கணும். ஞாபகசக்தி சோதனை ரிப்போர்ட்டும் வாங்கிக்கங்க. ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தூக்கம் ரொம்ப முக்கியம். அப்புறம் வல்லாரை...

திருச்சிக்காரி:
அண்ணா, நான் கார்டு பத்திக் கேக்கவே இல்லையே.

மறதி மன்னன்:
நான் கேக்குறேன். அட்டை வாங்கப் போனா நடந்து காட்டச் சொன்னாங்க. நடந்தேன். நல்லாத்தானே இருக்கீங்கன்னு அனுப்பிட்டாங்க. வல்லாரையை விடுங்க, அத்தானுக்கு எந்த வகையில கிடைச்சுது?