வீட்டில் கட்டும் நீர்மூழ்கிக்கு எந்த மென்பொருள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பட்டறைக்காரன்:
நண்பன் கட்டும் நீர்மூழ்கியின் உருளைக் கூடு விஷயம் இன்னும் உறுத்துகிறது. விட்டம் 1200 மி.மீ., 6 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகடு, இரண்டு மூடிகளுக்கு நடுவே 2.5 மீட்டர், உள்ளே ஒரு வளையம்கூடக் கிடையாது, 50 மீட்டர் இறங்கத் திட்டம். அவனிடம் இருந்த இலவசப் பதிப்பில் சாதாரண ஸ்ட்ரெஸ் கணக்கு மட்டும்தான் ஓடும், பக்ளிங், அதாவது வெளி அழுத்தத்தில் கூடு திடீரென மடங்குவதைப் பார்க்கத் தனிக் காசு. ஓட்டினான், படம் முழுக்க நீலம் (ஸ்ட்ரெஸ் குறைவு என்று அர்த்தம்), பாதுகாப்புக் காரணி 5. பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியும் விட்டான். கொதிகலன் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதை உரித்தெடுத்து, பின்பக்கத்தில் உருளை எந்த அழுத்தத்தில் மடங்கும் என்று சொல்லும் விண்டன்பர்க்-டிரில்லிங் சூத்திரத்தை எழுதி, கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "தம்பி, இது 45 மீட்டரிலேயே மடங்கிடும், அதுவும் தகடு சுத்த வட்டமா இருந்தா" என்றார். பக்ளிங்கும் பார்க்கிற மாதிரி, கையைக் கடிக்காத மென்பொருள் எது?

கடல்பூனை:
காசு கொடுத்தால்தான் பக்ளிங் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃப்ரீகேட் என்ற இலவச வரைவு மென்பொருளோடு வரும் கால்குலிக்ஸ் என்ற கணக்கு நிரல் அதைச் சும்மாவே செய்யும். அதே கால்குலிக்ஸை வைத்து ஓடும் ப்ரீபோமேக்ஸ் விண்டோஸில் இன்னும் சுலபம். நான் ஓட்டியது ரிமோட் நீர்மூழ்கியின் குழாய்க்கு. தகட்டின் தடிமனையும் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிக்கும் சாலிட் மெஷ்ஷில் லேப்டாப் ஹேங் ஆனது, தகட்டை வெறும் பரப்பாக எடுக்கும் ஷெல்லுக்கு மாற்றியதும் டீ ஆறுவதற்குள் விடை. முதல் மோடில், அதாவது முதலில் மடங்கும் வடிவத்தில், குழாய் மூன்று மடிப்பாக உள்வாங்கி நின்றது, அதுவரை நசுங்குவது என்றால் தட்டையாவது என்றுதான் மனதில் இருந்தது.

இரும்பு மாமா:
பூனையார் "சும்மா" என்கிறார், கற்றுக்கொள்ளப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளை யார் கணக்கில் எழுதுவது? எனக்கு நடந்தது சின்னது: ஒரு நாள் காலை என் கோப்புகள் திறக்கும், திருத்த முடியாது, உரிமத் திட்டம் மாறிவிட்டதாம். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வேறு மென்பொருளிலும் திறக்கும் ஸ்டெப் (STEP) கோப்பாகப் பிரதி எடுத்து வைக்கிறேன்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதே தகட்டில் 40 செ.மீ.க்கு ஒரு நல்ல வளையம் வைத்தால் பக்ளிங் எல்லை காகிதத்தில் 300 மீட்டர் பக்கம் போய்விடும், அதற்கு முன்பே 250 மீட்டர் வாக்கில் தகடு யீல்டாகிவிடும் (நிரந்தரமாக உருக்குலையும்). முதலில் இதைக் கையால் போடுங்கள், மென்பொருள் விடை இதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மென்பொருளின் சாதாரண பக்ளிங் கணக்கு தரும் ஐகன்வேல்யூ விடையை அப்படியே நம்பாதீர்கள், அது பிசகில்லாத உருளைக்கு. உருட்டி வெல்டு வைத்த தகட்டின் கோணலை அளந்து மாடலில் சேர்த்து, வடிவம் மாற மாற விறைப்பு மாறுவதையும் கணக்கில் எடுக்கும் நான்லீனியர் முறையில் ஓட்ட வேண்டும். அக்ரிலிக் ஜன்னலுக்கு ஏஎஸ்எம்இ பிவிஎச்ஓ-1 என்ற பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது, அங்கே கலர் படம் வேண்டாம். மிதப்புக்கு டெல்ஃப்ட்ஷிப் என்ற கப்பல் வடிவமைப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு, எடைக்கு எக்செல், ஒவ்வொரு போல்ட்டும் அதில் ஏற வேண்டும். கடைசியாக, ஆள் இல்லாமல் கயிற்றில் கட்டித் திட்ட ஆழத்தைவிடக் கீழே இறக்கிப் பார்க்காமல் யாரும் உள்ளே உட்காராதீர்கள்.

பட்டறைக்காரன்:
ப்ரீபோமேக்ஸ் இறக்கியாச்சு மாமா. இப்போது வளையம் உள்ளேயா வெளியேயா என்று சண்டை. வெளியே என்றால் உட்கார இடம் மிச்சம் என்கிறான் நண்பன், துருப்பிடிக்குமே என்கிறேன் நான். வெளியே வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?