பானெட் தூக்கி நிற்கிற பழைய ஜீப்: நிறுத்தி இறங்குபவர்களுக்கு

எம்.எம். 540, பொள்ளாச்சி

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒரு பழைய ஜீப் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் வரும் இன்னொரு பழைய ஜீப்காரர் அதைத் தாண்டிப் போகமாட்டார். நிறுத்தி இறங்கியதும் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உதவ வந்து, சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டை முறித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதனால் ஆளுக்குக் கொஞ்சம், தெரிந்ததை எழுதுங்கள்; பெயருக்குப் பதில் மேலே உங்கள் வண்டியும் ஊரும் போதும். நான் டீசலில் ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனர் இல்லை, கல். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. இன்ஜின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கும். அது பிடிப்பது ஷாஃப்டைத்தான். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது டிஃபரென்ஷியல் வழியாக எதிர்ப்பக்கம் உருளும். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துவிடும். கியரில் போட்டு வைத்தாலும் அதே கதைதான். இறக்கப் பக்கம் முன்சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

இனி டீசல். ஏற்றத்தில் இழுவை விட்டு விட்டு வந்து, இருமி நின்றால் லைனில் காற்று ஏறியிருக்கலாம். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஒரு அடி நீளம் அந்த இடத்தில் செருகி, கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்துப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

காற்றை எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை பிரைமரை அடித்து மூடுங்கள். அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் தலையில் இருக்கும் பைப் நட்டுகளை, பெரும்பாலும் 17 ஸ்பேனர், அரைச்சுற்று தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். கையை அங்கே நீட்டி வைத்திருக்க வேண்டாம், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம்.

பைப் முனையில் உள்ள செம்பு வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும். புதுசு இல்லையென்றால் அதையே ஸ்டவ்வில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மிருதுவாகி மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

பியூஜோ எக்ஸ்டிபி 4.90, அதாவது 2112 சிசி இன்ஜின் உள்ள வண்டிக்கு, செல்ஃப் அடிக்கும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உண்டு. 2523 சிசி எம்டிஐ டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதற்குக் குளிரில் ஹீட்டர் தேட வேண்டியதில்லை. எம்டிஐ ஓட்டிப் பழகிய மேஜர்காரர் எக்ஸ்டிபியில் ஏறி உட்கார்ந்து ஹீட்டர் போடாமலே செல்ஃப் அடித்துப் பேட்டரியைக் காலி செய்வது இந்த வித்தியாசம் தெரியாமல்தான்.

ஜிப்ஸி 970 சிசி, ஊட்டி

அண்ணன் ஏற்றத்தைச் சொன்னார், நான் இறக்கத்தைச் சொல்கிறேன். கல்லட்டியில் மசினகுடிப் பக்கம் இறங்கும் 36 வளைவுகளில் நிற்கிற வண்டியிடம் போகும்போதே பிரேக் லைனிங் கருகிய வாசனை வந்துவிடும். முதலில் ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி: பெடல் மிருதுவாகிக் கீழே போனதா, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா?

கெட்டியாக இருந்தால் லைனிங் சூடேறி வழுக்குகிறது. மிருதுவாகப் போனால் பிரேக் ஃப்ளூயிட் கொதித்திருக்கும். வருஷக்கணக்கில் மாற்றாத டாட் 3 ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டுக்கும் அரை மணி நேரம் நிறுத்திவைப்பதே வைத்தியம். ஆறிய பிறகும் பெடல் எழும்பவில்லை என்றால் நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உட்புறம் ஈரமாக இருக்கும் சக்கரத்தில் வீல் சிலிண்டர் போய்விட்டது. அந்த வண்டி தானாக இறங்கக் கூடாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். ஒரே பிரேக் லைன் நான்கு சக்கரத்துக்கும் ஓடும் பழைய வண்டிகளில் ஒரு சிலிண்டர் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போச்சு.

உதவிக்கு வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, காய்ந்த டிரம்மில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவது. வார்ப்பிரும்பு, விரிசல் விடும்.

பெட்ரோல் ஜிப்ஸிக்குத் தனியாக இரண்டு. ஓடையில் இறங்கியதும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளேயும் ரோட்டரையும் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும், பெரும்பாலும் பிடித்துவிடும். வெயிலில் ஏறி நின்றால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் விடுங்கள்.

4 வீல் லீவர் உதறி, அடியில் டக் டக் என்று தட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கும். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக ரப்பரில் தொங்குகிறது. பழைய டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினால் மெதுவாக வீடு போகலாம்.

மேஜர், போடி

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப் பாதையில் முறிவது ஸ்பிரிங் பட்டையும், ஷாஃப்ட் முனை ஜாயின்ட்டில் இருக்கும் சிலுவை வடிவ கிராஸும்தான்.

பின் ஜாயின்ட்டில் கிராஸ் உடைந்தால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. பின் ஷாஃப்டை இரண்டு முனையிலும் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, முன்சக்கரம் ஆக்சிலோடு சேரும்படி முன் ஹப் இரண்டையும் லாக் செய்து, 4 வீல் ஹை போட்டால் முன்சக்கரம் இழுத்துப் போகும். மூன்று விஷயம் கவனிக்கணும். ஆக்சிலரேட்டரை மெதுவாக, ஸ்டியரிங் முழுசாக ஒடித்த நிலையில் இழுக்கக் கூடாது, முன் ஆக்சில் கிராஸ் அடுத்து போகும். பொள்ளாச்சிக்காரர் சொன்ன ஷாஃப்ட் ஹேண்ட்பிரேக் இப்போது பின்சக்கரத்தைத் தொடாது. நிறுத்தும் இடத்திலெல்லாம் கல்.

மெயின் பட்டை முறிந்தால் ஆக்சில் பின்னால் தள்ளிக்கொண்டு போகும், டயர் பாடியில் உரசும். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் செண்டர் போல்ட் மட்டும் போனாலும் இதே அறிகுறிதான், ஏமாந்துவிடாதீர்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் நட்டைத் தளர்த்திப் பார்த்தால் எது போனது என்று தெரியும். செண்டர் போல்ட் என்றால் ஆக்சிலைச் செயின் போட்டு இழுத்து ஓட்டையை நேராக்கி, புது போல்ட் போடுவது ஒரு மணி நேர வேலை. பட்டறையிலோ வழியிலோ, பட்டையில் கை வைத்தால் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் யூ போல்ட்டை மறுபடி இறுக்கியே ஆகணும். செண்டர் போல்ட் முறிவதற்கு முக்கால்வாசி காரணம் தளர்ந்த யூ போல்ட்தான்.

சிஜே 3பி, சேலம்

ஸ்டட் முறிப்பது பற்றி முதலில் வந்ததே, அதை விளக்கிவிடுகிறேன். அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்து அமைப்பில் வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் இடப்புரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் தளரும். வலப்பக்கம் சாதாரணப் புரி. ஜிப்ஸிக்காரர் வந்து இடப்பக்க நட்டை வழக்கமான திசையில் தளர்த்துகிறேன் என்று வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றால், இறுக்கி இறுக்கி முறிப்பார். ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள், எல் எழுத்து இருந்தால் இடப்புரி. எழுத்து அழிந்திருந்தால் ஓனரைக் கேளுங்கள்.

ஸ்டெப்னி கடன் கொடுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். மஹிந்திரா ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் ஐந்து ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம், அதாவது ஐந்தரை இன்ச். ஓட்டை பொருந்தும். ஆனால் நட்டை மாற்றிப் போடக் கூடாது, புரி வேறு. ஸ்டட் யாருடையதோ நட்டும் அவருடையதே. அப்புறம் உயரம்: 6.00-16 டயர் ஜிப்ஸியின் 205/70 ஆர்15-ஐவிட ஆறு சென்டிமீட்டர் போல உயரம் அதிகம். அதைப் பின்சக்கரத்தில் போட்டால் டிஃபரென்ஷியல் நேர்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். அதனால் கடன் சக்கரத்தை முன்னாலேயே போடுங்கள். பின்னால் பஞ்சர் என்றால் நல்ல முன்சக்கரம் ஒன்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் கடன் சக்கரத்தைப் போடுங்கள். ஹப் ஃப்ரீயில் இருக்கட்டும், 4 வீல் தொடவே கூடாது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், முதல் பஞ்சர் கடை வரைக்கும்தான்.

முன் ஹப் சத்தம் போட்டால் பேரிங் கடையில் வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். வில்லிஸ் வழி ஹப்புக்கு 18590 கோன், 18520 கப் என்று எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பழையதில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்நட்டைப் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று திருப்பித் தளர்த்தி, லாக் வாஷர், வெளிநட்டு. பிறகு வாஷரை மடிக்க மறக்க வேண்டாம்.

ஜிப்ஸி கிங், ஓசூர்

சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் இடத்தில்தான் அடி படுகிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும்.

பழைய ஜீப்பின் பம்பரில் கயிறு கட்டாதீர்கள். பம்பர் தடிமனாகத்தான் தெரியும், அது சேசிஸைப் பிடிக்கும் இடம் துருவில் பொரிந்திருக்கும். பின் பட்டைத் தாங்கி உள்ள இடத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் இரும்பு இருக்கிறது, மொத்தென்று வந்தால் பெயின்ட்டும் துருவும்தான். பந்து வடிவ டோ ஹிட்சில் மாட்டி வெடுக்கென இழுப்பதும் வேண்டாம். அந்தப் பந்து பிய்ந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும்.

சாதாரண டோ பெல்ட் நீளாது. அதைத் தளர்வாக விட்டு ஓடிவந்து இழுத்தால் இரண்டு சேசிஸுக்கும் சுத்தியலடி. ஓடிவந்து இழுக்க நீளும் கைனடிக் கயிறு வேணும். அது இல்லையென்றால் பெல்ட்டை முதலில் விறைப்பாக்கி, லோ ரேஞ்சில் முதல் கியரில் நிதானமாக இழுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு போடுங்கள், அறுந்தால் வேகம் குறையும். கயிற்று நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சிக்னல் கொடுப்பவர் ஒரே ஆள். சுற்றி நின்று நாலு பேர் கை காட்டினால் ஓட்டுகிறவர் யாரைப் பார்ப்பார்?

இழுக்கும் முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை மண்வெட்டியால் எடுங்கள். டயர் காற்றை 28-லிருந்து 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். பாதி நேரம் கயிறே தேவைப்படாது.

எம்.எம். 540, பொள்ளாச்சி

ஓசூர்க்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் தம்பி. ட்யூப் டயருக்கு 18 வேண்டாம். காற்று குறைந்தால் ரிம்முக்குள் டயர் நகர்ந்து ட்யூபை இழுத்துப்போகும், வால்வு அடியோடு கிழியும். வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 6.00-16 ட்யூப் டயரில் 22-க்குக் கீழே இறக்காமல் மண்வெட்டியை அதிகம் நம்புவது நல்லது.

ஜிப்ஸி கிங், ஓசூர்

சரிதான் அண்ணே. 18 என்றது ட்யூப்லெஸ் ரேடியலுக்கு.

எம்.எம். 550, கூடலூர்

முதுமலை, பந்திப்பூர் சாலையில் நின்றால் மேலே உள்ள எதையும் அங்கே செய்ய வேண்டாம். கயிறு கட்டும் நேரம் போக, காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, யானை வரும் வழி. அருகில் உள்ள செக்போஸ்ட் வரை கட்டி இழுத்துப் போய் அங்கே பானெட் தூக்குங்கள். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், சாயங்காலம் நின்ற வண்டிக்கு நேரத்தையும் கணக்குப் பண்ணுங்கள். அடுத்தவர் வண்டியை இழுக்கும்போது ஸ்டியரிங் லாக் விழாமல் சாவி ஆனில் இருக்கணும்.

மேஜர், போடி

சேர்ந்து கிளம்பும்போது எல்லா வண்டியிலும் ஃபேன் பெல்ட் இருக்கும், ஒரு வண்டியிலும் வீல் சிலிண்டர் கிட் இருக்காது. முந்தின நாளே பிரித்துக்கொள்ளணும். பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், ஃப்யூஸ் இதெல்லாம் அவரவர் வண்டிக்கு அவரவர். பொதுவானதை ஆளுக்கு ஒன்று: ஒருவரிடம் இபி 90 கியர் ஆயில் இரண்டு லிட்டர், ஒருவரிடம் சீல் உடைக்காத டாட் 3 அரை லிட்டரும் சிலிண்டர் கிட்டும், ஒருவரிடம் ஜாயின்ட் கிராஸும் அதைப் பிடிக்கும் லாக் கிளிப்பும், ஒருவரிடம் செண்டர் போல்ட்டும் இரண்டு யூ போல்ட்டும். டீசல் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப், கட்டுக்கம்பி, எம்சீல் கடைசி வண்டியில். நின்றவனைக் கடைசி வண்டிதான் முதலில் பார்க்கும்.

கியர்பாக்ஸுக்கு ஊற்றுவதற்கு முன் டப்பாவைப் படியுங்கள். ஜிஎல்-4 கியர்பாக்ஸுக்கு, ஜிஎல்-5 கிரவுனுக்கு, அதாவது டிஃபரென்ஷியலுக்கு. ஜிஎல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கைத் தின்றுவிடும்.

சிஜே 3பி, சேலம்

கடன் வாங்கிய பாகத்துக்குப் பணம் கொடுப்பதைவிட அதே பாகத்தைத் திருப்பித் தருவதுதான் வழக்கம். பணத்தை வைத்துக்கொண்டு சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடி அலைவது கொடுத்தவர் வேலையாகிவிடக் கூடாது. கிராஸ் வாங்கும்போது உடைந்ததைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடல் பெயரில் வருஷத்துக்கு வருஷம் அளவு மாறியிருக்கும். கப்பின் விட்டம், முனைக்கு முனை நீளம், லாக் உள்ளேயா வெளியேயா, இந்த மூன்றையும் காலிபர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் வண்டியும் உங்கள் வண்டியும் வேறு வருஷம் என்றால், அவர் வண்டி அளவைக் கேட்டு அதையே வாங்கிக் கொடுங்கள். பெட்டியின் மேல் அளவை மார்க்கரில் எழுதி அனுப்பினால், அடுத்து யாருக்குத் தேவைப்பட்டாலும் பிரித்துப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கலாம்.