மறு: வன்தட்டைப் பொருத்துவதில் திசை எங்கே வந்தது?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கணினிக்குள் வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) எந்த நிலையில் வைத்துப் பொருத்துவது என்பதைக் குறிக்க, நம் கையேட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த மறுமொழி:

> 'திசையமைவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. கையேடு அச்சுக்குப் போக வேண்டும்.

அவசரம் புரிகிறது ஐயா. ஆனால் 'திசை' எனக்கு இடிக்கிறது. கோத்தகிரியில் கணினி பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். வன்தட்டு ஊட்டியைப் பார்த்து இருந்தாலும் மேட்டுப்பாளையத்தைப் பார்த்து இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. படுத்திருக்கிறதா, நிற்கிறதா, கோணிக்கொண்டு கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சொல்ல ரசமட்டம் போதும், திசைகாட்டி வேண்டாம். எங்கள் பக்கம் வழி கேட்டால்கூட 'மேலே ஏறு, கீழே இறங்கு' என்பார்களே தவிர, கிழக்கு மேற்கு பேச மாட்டார்கள்.

கடையில் பையன்களிடம் நான் சொல்வது 'படுக்கை வாக்கில் வை', 'நெட்டு வாக்கில் வை'. நீளவாக்கு, குறுக்குவாக்கு எல்லாம் எல்லோர் வீட்டிலும் புழங்குகிற சொற்கள். அதனால் என் முன்மொழிவு: பொருத்துவாக்கு. 'வாக்கு' என்றால் ஓட்டு என்று நினைப்பார்களே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். குறுக்குவாக்கில் அறுத்த பலகையைப் பார்த்து யாருக்கும் தேர்தல் நினைவு வந்ததில்லை. 'கிடப்பு' என்ற யோசனையும் அழகுதான், ஆனால் கிடப்பில் போட்ட வன்தட்டு என்றால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

பொருளையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பழைய வன்தட்டுகளில், தட்டில் எழுதிப் படிக்கும் தலையை நகர்த்தியது ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாக நகரும் மோட்டார்). தரவு எழுதிய தடத்தின் மேல் சரியாக நிற்கிறோமா என்று அதற்குத் தெரியாது, எண்ணிய படிகளை நகர்ந்துவிட்டு நின்றுவிடும். படுக்கைவாக்கில் ஃபார்மேட் செய்ததை நெட்டுவாக்கில் திருப்பினால் புவியீர்ப்பு இழுக்கிற பக்கம் மாறி, தலை தடத்தைவிட்டு இம்மி விலகலாம். எந்த வாக்கில் ஓட்டப்போகிறோமோ அதே வாக்கில் ஃபார்மேட் செய் என்ற அறிவுரை அப்படி வந்தது. பின்னால் வந்தவை தட்டிலேயே எழுதியிருக்கும் குறிகளைப் படித்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ஆறு பக்கத்தில் எது கீழே இருந்தாலும் சரி என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அசையாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக் கணினி கடைக்கு வந்தது. ஒரு பக்கம் இரண்டு திருகு, மறுபக்கம் மடித்த அட்டைப்பெட்டித் துண்டு முட்டுக்கொடுத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இலை உருட்டும் ரோலர். திறந்த கையோடு அட்டையை உருவிவிட்டு நாலு திருகும் போட்டேன். கடகட சத்தம் நின்றது, கெட்டுப்போன பகுதிகள் கெட்டவைதான். கையேட்டில் மூச்சுத்துளைக்கும் (வன்தட்டுக்குள் காற்று போய்வர வைத்த சிறு துளை) ஒரு வரி வேண்டும். தலை காற்றுப்படலத்தின் மேல் மிதப்பதால் அந்தத் துளையை மூடக்கூடாது (ஹீலியம் அடைத்தவற்றில் துளையே கிடையாது). மலையில் காற்று மெலிதாயிற்றே என்று பயப்படுகிறவர்களுக்கு: பல வன்தட்டுகளுக்கு உயர வரம்பு 3,000 மீட்டரை ஒட்டி இருக்கும், தொட்டபெட்டாவே 2,637தான்.

சரி, உண்மையான சிக்கல் மல்லாக்க, குப்புற. லேபிள் மேலே, சர்க்யூட் பலகை கீழே இருந்தால் அது மல்லாக்கவா, குப்புறவா? லேபிளை முகம் என்றால் மல்லாக்க. என் உதவியாளனோ பலகைதான் வயிறு, வயிறு கீழே இருந்தால் குப்புறத்தானே என்கிறான். ஒருக்களிப்பில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை. இது தீரும்வரை 'லேபிள் மேலே, படுக்கைவாக்கு' என்றே எழுதிவிடுங்கள், அச்சு நிற்க வேண்டாம்.

முகமா வயிறா என்பதற்கு மட்டும் மறுமொழி போடுங்கள். இங்கே மழை, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. நாளை காலையில் பார்க்கிறேன்.