படபடப்பு வந்த நேரத்தில் எதிரே வந்தவர்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

ஐந்து ரோடு வாசி:

இந்தப் படபடப்பு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு அடைக்கும், விரல் மரத்துப்போகும், 'இதோ போய்ச் சேரப் போகிறேன்' என்று அடித்துச் சொல்லும் மனது. ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஈ.சி.ஜி. யாருக்கு நினைவுக்கு வருகிறது?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ். மேலே ஒரு கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். அங்கே நடந்தது இங்கே வேண்டாம். இரண்டு வளைவு தாண்டியதும் ஆரம்பித்துவிட்டது. எழுந்து நின்று, "நிறுத்துங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன்" என்று கத்தினேன். கொண்டை ஊசி வளைவில் எங்கே நிறுத்துவது? எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கண்டக்டர் வந்தார், ஐம்பதைத் தாண்டிய ஆள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, கண்ணாடி எடுத்துவர மறந்துவிட்டேன். வளைவுக்கு வளைவு பலகையில் எண் போட்டிருக்கும். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லுங்கள், கணக்கில் எழுத வேண்டும்."

மொத்தம் 20 வளைவு, இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். 17 என்றேன். அவர் "ம்" என்றார். 16 என்றேன். ஒன்றில் பலகையை மரக்கிளை மறைத்துவிட்டது; "சரியாகப் பார்த்தீர்களா?" என்று அதட்டினார். 11 வருவதற்குள் விரலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. 9 தாண்டும்போது பசித்தது. அடிவாரம் வந்ததும் எழுந்து முன்னால் போனார், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டிக்கெட் கணக்கு எழுத உட்கார்ந்தார்.

அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா, இல்லை அவருக்கேதானா? அதே வழியில் எத்தனையோ முறை போய்விட்டேன், அவர் மட்டும் கண்ணில் படவில்லை.

கொலுசுப் பட்டறை:

உங்களுக்குக் கிடைத்தவர் நல்லவர். எனக்குக் கிடைத்தவரும் நல்லவர்தான், அதுதான் சிக்கல்.

செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறை. வெள்ளி விலை ஏறினால் எங்கள் வயிற்றில் அடி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விலை ஏற ஏற வியாபாரி கொடுக்கும் வெள்ளி குறையும், கூலியும் குறையும். இரவில் தூக்கம் போனது. பகலில் சமாளிக்க டீ. டீ, டீ, மறுபடியும் டீ. கணக்கில்லாமல் குடித்தேன். ஒரு நாள் காலையில் தெருமுனைக் கடையில் கிளாஸை வாங்கக் கை நீட்டினேன். கடைக்காரர் கிளாஸைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"உனக்கு இனி டீ கிடையாது. கை எப்படி நடுங்குகிறது பார். சுக்குமல்லி வேண்டுமானால் குடி."

சொன்னது தப்பில்லை. டீயும் காபியும் இந்தப் படபடப்பைத் தூக்கிக் கொடுக்கும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். ஆனால் அவர் அதைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார். பெஞ்சில் எனக்கு வேலை கொடுக்கும் வியாபாரி உட்கார்ந்திருந்தார். பற்ற வைக்கிற வேலை எங்களுடையது. ஊதுகிற தீ அரை நூல் நகர்ந்தாலும் கண்ணி உருகிவிடும். கை நடுங்குகிறவனுக்கு யார் வெள்ளி கொடுப்பார்கள்? வியாபாரி என் கையைப் பார்த்தார், பிறகு தன் டீயைப் பார்த்தார். அடுத்த வாரம் வரவேண்டிய சரக்கில் பாதிதான் வந்தது.

டீயைக் குறைத்துவிட்டேன், நடுக்கமும் குறைந்துவிட்டது. அந்தக் கடைக்காரரைப் பார்த்தால் கோபம் மட்டும் குறையவில்லை.

அஸ்தம்பட்டி பெரியவர்:

கண்டக்டர் செய்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கதைகளைப் படித்துவிட்டு, பலகையில் எண் படித்தால் போதும் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கு வந்தது அன்றைக்கு அடங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்த மாதிரித் திடீர்ப் படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கக்கூடியது. அத்தனை வளைவுகளைத் தாண்டுவதற்குள் அதற்கு இறங்க நேரம் கிடைத்துவிடும்.

என் கதை சின்னது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வரிசையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் எங்கள் தெருக்காரர். தினமும் காலையில் வணக்கம் சொல்கிறவர். "கண் காட்ட வந்தேன்" என்றார் அவர். "முட்டி வலி" என்றேன் நான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் எண்ணையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டார்கள். இப்போதும் காலையில் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அவருடைய கண்ணைப் பற்றி நான் கேட்பதில்லை, என் முட்டியைப் பற்றி அவர் கேட்பதில்லை.

சரி, இனி நான் சொல்ல வந்தது. முதலில், ஒருவருக்குக் காரணமில்லாமல் சோர்வும் படபடப்பும் இருந்தால் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் சோதித்துவிட வேண்டும். மனதின் கோளாறு என்று நினைப்பது சில சமயம் அங்கேதான் இருக்கும். அடுத்தது, மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை இல்லை, போட்ட அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். குமட்டல், வயிற்றுப் புரட்டல் போன்றவை அதற்கு முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நன்றாக ஆனபிறகும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரையைத் தெரிந்த மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பழக்கமாகிவிடும். மதுவும் அப்படித்தான், படுத்ததும் தூங்க வைத்துவிட்டு, பின்னிரவில் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

மூச்சுப் பயிற்சி என்றால் எல்லோரும் ஆழமாக இழுக்கிறார்கள். விடுவதுதான் முக்கியம். இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இதயத் துடிப்பு இறங்கும். கவலைக்கென்று சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் 'சாயங்காலம் வா' என்று திருப்பி அனுப்புங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் மூக்கனேரிக் கரையில் காலையில் நடக்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு வந்தவர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம், நோட்டும் வேண்டாம். உடனே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

மிளகுக் கொடி:

பெரியவரே, இத்தனையும் யார் கேட்டார்கள்? கோபப்படாதீர்கள், படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் ஏற்காட்டிலேயே பிறந்தவன். இங்கே வருகிறவர்கள் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, "இங்கே இருப்பவர்களுக்கு டென்ஷனே இருக்காது" என்பார்கள். மழைக்காலத்தில் நாள் கணக்கில் வெயில் முகம் பார்க்காமல், ஈரத் துணி காயாமல், பனி மூட்டத்துக்குள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்து பார்க்கட்டும். அப்பா போன பிறகு வந்த மழைக்காலத்தில் அம்மா படுத்தவர்தான். எழவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

காபிப் பழம் எடுக்கும் பருவம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா விடியற்காலையில் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "காட்டெருமை இறங்கியிருக்கிறது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. ஓடை வரைக்கும் கூட வா." அம்மா எழுந்து போனார். தலைகூட வாரவில்லை. ஓடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டார். மறுநாளும் குரல் வந்தது. ஓடை தாண்டி, தோட்டம் வரைக்கும். கொஞ்ச நாளில் இடுப்பில் கூடை ஏறியது. நாள் கூலியோடு சாயங்காலம் வந்து, தானே அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்தப் பெரியம்மா கையில் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே காட்டெருமையை விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்காவது பயமாவது! நான் அப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "அவளுக்கு உண்மையாகவே பயம். நான் இல்லை என்றால் அவள் தோட்டத்துக்குப் போயிருக்கவே மாட்டாள்" என்று இன்றைக்கும் சாதிக்கிறார். பெரியம்மாவைக் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டே, "காட்டெருமைக்கு யாருக்குத்தான் பயமில்லை கண்ணு" என்கிறார்.

ஆகவே ஐந்து ரோட்டுக்காரரே, உங்கள் கண்டக்டர் நடித்தார் என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? சட்டைப் பையில் கண்ணாடி இருப்பதையே மறந்துவிட்டுத் தேடுகிறவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஐந்து ரோடு வாசி:

கண்ணாடியை மறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். வளைவு எண்ணை எந்தக் கண்டக்டர் கணக்கில் எழுதுகிறார்?

மிளகுக் கொடி:

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தறிவீட்டு மருமகள்:

அம்மாப்பேட்டை. குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். பிரசவம் முடிந்து முதல் சில நாள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. குழந்தை அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றாது, சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் திருஷ்டி என்று சுற்றிப் போட்டார். குழந்தைக்கு மை, வசம்பு, கறுப்புக் கயிறு. வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையின் எடையைக் கேட்டார்கள், நிறத்தைக் கேட்டார்கள், யார் ஜாடை என்று சண்டை போட்டார்கள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "குழந்தை தூங்குகிறதா?" என்றார். தூங்குகிறது என்றேன். "நீ?"

அவ்வளவுதான் கேட்டார். நான் பதில் சொல்லாததால் பேனாவை மூடினார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது, அவர் மறுபடியும் அதைத் திறக்கவில்லை. மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். டாக்டரிடம் அனுப்பியதும் அவர்தான். இப்போது மாத்திரையில் இருக்கிறேன், தாய்ப்பால் கொடுப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் எழுதினார். பல்லியைப் பார்ப்பது குறைந்திருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் நான். சீட்டில் இந்த மருந்தெல்லாம் என் பெயரில் எழுதியிருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போனால் இது தெரிந்துவிடுமா? மாமனார் அதைத்தான் சொல்லிப் பயமுறுத்துகிறார்.

அஸ்தம்பட்டி பெரியவர்:

அம்மா, இதை யாரும் கேட்காத அறிவுரை என்று மிளகுக் கொடி சொல்ல முடியாது, நீங்களே கேட்டுவிட்டீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் தகவல்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. டாக்டரோ மருத்துவமனையோ உங்கள் வேலை கொடுப்பவருக்குத் தாமாகச் சொல்லக் கூடாது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவில், காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று இருக்கிறது. சீட்டுகளை ஒரு கவரில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாமனாரிடம் கொடுக்க வேண்டாம்.

கொலுசுப் பட்டறை:

சட்டம் டாக்டரின் வாயைத்தானே கட்டும், டீக்கடைக்காரரின் வாயை யார் கட்டுவது? தங்கச்சி, சீட்டை மடித்து வைப்பது இருக்கட்டும், மருந்தை உங்கள் தெருக் கடையில் வாங்காதீர்கள். இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் வாங்குங்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.