மறு: 'சுகாதாரமான சுற்றாடல் உரிமை' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் துண்டுப்பிரசுரத்தில் 'right to a healthy environment' என்பதற்குப் போட்ட 'சுகாதாரமான சுற்றாடல் உரிமை' சரிதானா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> சுற்றாடல் எதற்கு? 'சுற்றுச்சூழல்' என்றே போடலாமே.

சென்னை நண்பருக்கு: இங்கே இலங்கையில் அமைச்சின் பெயர்ப்பலகை முதல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் பாடம் வரை சுற்றாடல்தான். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

எனக்கு இடிப்பது 'சுகாதாரமான'. போன ஞாயிறு துண்டுப்பிரசுர வரைவை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாசித்துக் காட்டினேன். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், "ஏன் தம்பி, பீ.எச்.ஐ. ஐயா வரப்போறாரா? கானைக் கூட்டணுமா?" என்றார். பீ.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கான் என்றால் வடிகால். நாம் எழுதியது உரிமை. அவர் காதில் விழுந்தது வேலை. சுகாதாரம் என்றாலே இங்கே கக்கூசுச் சோதனையும் நோட்டீசும்தான்.

சரி, உங்களுக்கு என்ன வேணும் அக்கா என்று கேட்டேன். மலையிலிருந்து தண்ணீர் வரும் பீலியைக் காட்டினார். மேல்மலையில் மருந்தடித்த பிறகு மழை கொட்டினால், அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்க அவருக்குப் பயம். லயத்துக் கானை எத்தனை தரம் கூட்டினாலும் அந்தப் பயம் போகாது.

ஏற்கெனவே இலங்கை அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பதை ஒவ்வொருவரின் கடமையாக்கியிருக்கிறது. 27(14) சுற்றாடலைப் பாதுகாக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. ஆனால் அதை வைத்து வழக்குப் போட முடியாதபடி 29 கதவைச் சாத்திவிடுகிறது. 2022 ஜூலை 28இல் ஐ.நா. பொதுச்சபை 161 வாக்குகளோடு ஏற்றது கடமையை அல்ல, உரிமையை. நம் சொல்லிலும் அது கேட்க வேண்டாமா?

என் முன்மொழிவு: நலந்தரு சுற்றாடல் உரிமை. 'நலமான' என்றால் காடு நலமா, ஆள் நலமா என்ற குழப்பம் வரும். 'நலந்தரு' என்றால் நலம் யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. கொஞ்சம் பாசுர வாடை அடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், அதே வரைவில் வரும் 'உள்ளூர்ச் சமூக அங்கீகாரம்' என்ற சொல். அங்கீகாரம் என்றால் மேலே இருப்பவர் பார்த்துக் கொடுப்பது போல இருக்கிறது, 'ஏற்பு' போதும். கனடாவில் 2014 முதல் நகரசபைகள் தாங்களே தீர்மானம் போட்டு இந்த உரிமையை ஏற்றன. நம் பிரதேச சபைகளும் செய்யலாம். ஆனால் 'உள்ளூர்' என்றதும் தோட்டத்தை விட்டுவிடுவார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குச் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் தடுத்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதனால் 'ஊர், தோட்ட மக்கள் ஏற்பு' என்று விரித்தே எழுதலாம். நீளம்தான், பரவாயில்லை.

---

மறு: மறு:

தம்பி, 'நலந்தரு' எனக்குச் சம்மதம். 'ஏற்பு' மட்டும் இடிக்கிறது. தீர்மானத் தலைப்பில் தனியாக நின்றால் சபை எதையோ வாங்கிக்கொண்டது போலத் தெரியும். 'உரிமையேற்பு' என்று சேர்த்து எழுதினால்? அந்த அக்காவிடம் இதையும் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கலாம்.