எஸ்எஸ்ஹெச் சுரங்கம் திறக்கிறது, ஆனால் தண்டர்பேர்டில் அஞ்சல் வரவில்லை

சத்துவாச்சாரிவாசி:
வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் மெயில் சர்வரில் (டெபியன் இயங்குதளம், டவ்காட் அஞ்சல் மென்பொருள்) அஞ்சல் வாங்கும் 143, 993 போர்ட்கள் இரண்டும் வெளியாருக்கு மூடப்பட்டு, எஸ்எஸ்ஹெச்சுக்கான (தொலைவிலிருந்து மறையாக்கத்துடன் சர்வரில் நுழையும் வழி) 22 மட்டுமே திறந்திருப்பதால், வீட்டு உபுண்டு மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் கட்டளையில் '-எல் 1143:சர்வர்பெயர்:143' என்று கொடுத்து, என் 1143 போர்ட்டிலிருந்து சர்வரின் 143-க்குச் சுரங்கம் அமைத்து இணைகிறேன். சாவி ஏற்கப்படுகிறது. ஆனால் தண்டர்பேர்டில் (அஞ்சல் படிக்கும் செயலி) லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி), 1143 என்று கொடுத்து இன்பாக்ஸைத் திறந்தவுடன், டெர்மினலில் 'ஓப்பன் ஃபெயில்டு: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று ஒரு வரி விழுகிறது. சர்வரை நிறுவியவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். ஃபயர்வாலில் 143-ஐத் திறக்கச் சொல்லலாமா?

காட்பாடி லினக்ஸர்:
வேண்டவே வேண்டாம், ஐயா. அந்த வரி உங்கள் திரையில் தெரிந்தாலும், மறுப்பு வந்தது சர்வர் பக்கத்திலிருந்து. சுரங்கம் சரியாகவே வேலை செய்கிறது. இரண்டு கோலன்களுக்கு நடுவில் நீங்கள் எழுதும் பெயரை உங்கள் மடிக்கணினி வாசிப்பதில்லை, சர்வர்தான் தன் இடத்திலிருந்து வாசிக்கிறது. டவ்காட் 127.0.0.1-இல் (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் காத்திருக்குமானால், வெளி முகவரிக்குத் திரும்பும் அந்தப் பெயரில் கதவைத் தட்டினால் திறக்காது. சர்வரில் நுழைந்து, எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ் -எல்டிஎன்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அப்படி இருந்தால் கட்டளையில் சர்வர்பெயருக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சில சமயம் ஐபிவி6 (புதிய வகை முகவரி) பக்கம் போய்விடும், எண்ணாகவே எழுதுங்கள்.

சத்துவாச்சாரிவாசி:
நீங்கள் சொன்னபடியே 143-க்கு 127.0.0.1:143 என்ற வரி மட்டும்தான் இருந்தது. மாற்றியதும் இரண்டு வாரத்து ஷிப்பிங் பில்கள் மளமளவென்று இறங்கின. ஆனால் சான்றிதழ் (சர்வரின் அடையாளத்தைக் காட்டுவது) பற்றிய எச்சரிக்கை ஒன்று வருகிறது. அஞ்சல் அனுப்பவும் முடியவில்லை. சிறிது நேரம் சும்மா விட்டால் இணைப்பும் அறுந்துவிடுகிறது.

குடியாத்தம் அட்மின்:
சான்றிதழில் இருப்பது அலுவலகச் சர்வரின் பெயர். நீங்கள் வருவதோ லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில். அதனால்தான் அந்த எச்சரிக்கை. சுரங்கம் முடியும் கணினியிலேயே டவ்காட்டும் இருப்பதால், ஐமேப் (அஞ்சல் வாங்கும் முறை) அமைப்பில் பாதுகாப்பை 'நன்' (எதுவுமில்லை) என்று வைத்தாலும் வழியில் எவரும் படிக்க முடியாது. அஞ்சல் வேறொரு கணினியில் இருந்திருந்தால் அந்தக் கடைசித் துண்டு மறையாக்கமின்றிப் போயிருக்கும் என்பதால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அனுப்புவதற்கு அதே கட்டளையில் '-எல் 1587:127.0.0.1:587' என்று இன்னொன்றைச் சேருங்கள். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 (சும்மா இருந்தாலும் 60 நொடிக்கு ஒரு சைகை) என்று எழுதினால் இணைப்பு அறுவதும் நிற்கக்கூடும். ஒன்று கேட்கிறேன்: முதன்முறை இணைந்தபோது காட்டிய சர்வரின் கைரேகையை (அது உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்கும் குறியீடு) ஒப்பிட்டீர்களா, இல்லை 'யெஸ்' தட்டிவிட்டீர்களா?

சத்துவாச்சாரிவாசி:
தட்டிவிட்டேன் ஐயா. அனுப்புவதும் இப்போது சரியாகிவிட்டது. கைரேகையைத் திங்களன்று அலுவலகம் சென்று, சர்வரின் முன்பே உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.