9.9 எச்பி எஞ்சினை வீட்டில் தூக்கி இறக்குவது எப்படி?

கேள்வி (உவரி):
வள்ளத்துக்குப் பின்னால மாட்டுற எஞ்சினைக் கழற்றி வீட்டுல வச்சு வேலை பார்க்கணும். ஷெட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரைக் கம்பியில செயின் பிளாக் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குற கப்பி) தொங்கவிடலாமா அண்ணாச்சி?

பதில்:
வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் கம்பி ஷீட்டைத் தாங்கத்தான். எஞ்சின் 40 கிலோ பக்கம் வரும். மூணு இரும்புப் பைப்பை முக்காலியா நிறுத்தி, கால் விரியாம அடியில சங்கிலி சுத்துங்க. அரை டன் பிளாக் தாராளம். எஞ்சின் தலைமூடியில கயிறு கட்டாதீங்க, மூடியோட கொக்கி விட்டுப்போகும். மூடியைக் கழற்றினா தூக்குவளையம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டுற இரும்பு வளையம்) போடுங்க. இல்லேன்னா மேல இருக்கிற மெஷின் பகுதிக்கு அடியில பட்டை பெல்ட் சுத்துங்க. பாரமெல்லாம் மேல இருக்கிறதால தலைகுப்புறச் சாயும், ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு, புரொப்பல்லர் இருக்கிற கீழ்ப்பகுதியைப் பிடிச்சுக்கணும். கீழே யாரும் நிக்கக்கூடாது.

இன்னொரு பதில்:
தூக்குமுன்ன பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரைக் காலி பண்ணுங்க. தண்ணி முழுசா வடியுற வரை நிமிர்த்தியே வைங்க. புரொப்பல்லர் பக்கம் உசந்தா, மிச்சத் தண்ணி புகை வெளியேறுற பாதை வழியா சிலிண்டருக்குள்ள இறங்கிரும். ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா கையேட்டுல சொன்ன பக்கம் மட்டும் படுக்க வைங்க, மாத்திப் போட்டா ஆயில் சிலிண்டருக்குப் போகும். திரும்ப மாட்டும்போது, எஞ்சினை வள்ளத்துல இறுக்குற கிளாம்ப் ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் போடுங்க, எஞ்சினை வள்ளத்தோட ஒரு காப்புக் கயிறால கட்டுங்க. கொஞ்சம் ஓட்டிட்டு ஸ்க்ரூவை மறுபடி முறுக்குங்க, அதிர்வுல தளரும்.